நாக்கில் குத்தாத வேல்

எனக்கு இப்போதும் திக்கும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் பரிதாபப்பட வேண்டாம். கள்ளக்குறிச்சியில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை. ஒரு பெயரைக் கூப்பிட எனக்குச் சில சமயம் அரை நிமிடம் பிடிக்கும். சர்வர் வேலை செய்ய அதைவிட அதிக நேரம் பிடிக்கும் என்பதால் யாரும் குறை சொல்வதில்லை. கோயிலுக்கு நான் அதிகம் போவதில்லை. போகக் கூடாது என்ற கொள்கையெல்லாம் கிடையாது, பொங்கல் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடுவேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பேன், அவ்வளவுதான். அது எந்தச் சாமிக்கு என்று என்னோடு வேலை செய்கிறவள் கேட்பாள். எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கே கிடைத்தது என்று தெரியும். எனக்குப் பத்து வயதில், ஒரு பங்குனி மாதம், என் நாக்கில் வேல் குத்துவதாக ஏற்பாடாகியிருந்த வாரத்தில் கிடைத்தது.

எங்கள் ஊர் மணலூர்பேட்டைக்குப் பக்கம். அது அம்மா பிறந்த ஊர். அப்பா களமருதூர்க்காரர். கல்யாணமான கையோடு மாமனார் வீட்டோடு வந்துவிட்டார். இரண்டு ஏக்கர் கரும்பும் ஒரு பசுவும் அவர் பொறுப்பு. பேச்சு ரொம்பக் கம்மி. ‘ம்’, ‘சரி’, ‘போலாம்’, இதற்கு மேல் அவர் வாயிலிருந்து ஏதாவது வந்தால் அன்று மழைதான் என்று அம்மாவே சொல்வாள். ஊரில் அவருக்கு அழுத்தக்காரர் என்று பெயர். வீட்டோடு மாப்பிள்ளை கம்மென்று இருப்பதுதான் மரியாதை என்று மெச்சியவர்களும் உண்டு.

எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்தே திக்கல். பள்ளிக்கூடத்தில் காலையில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன் ஐயா’ சொல்ல வேண்டும். நான் ‘உ’விலேயே நின்றுகொண்டிருக்க, வாத்தியார் மூன்று பெயர் தாண்டிப் போயிருப்பார். முன் வரிசையில் அவர் கண்ணெதிரே உட்கார்ந்திருந்தும் மாதத்தில் பாதி நாள் எனக்கு ஆப்சென்ட் விழுந்தது. சாயங்காலம் பையன்கள் நான் பேசுவதைப் போலவே இழுத்து இழுத்துப் பேசிக்கொண்டு வீடு வரை பின்னாலேயே வருவார்கள். அந்தக் கேலியைத்தான் என்னால் தாங்க முடியாது. அடித்தால்கூடப் பொறுத்துக்கொள்வேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, அடுத்த வீட்டில் இருந்தாள். ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் லேசில் விடமாட்டாள். என் நாக்கைக் கையில் எடுத்தாள். வசம்பைச் சுட்டுத் தேய்த்தாள். கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பேசச் சொன்னாள், நான் ஒன்றை விழுங்கிவிட்டேன். கோயில் கோயிலாகக் கூட்டிப்போனாள், தர்காவில் மந்திரித்த கயிறு வாங்கிக் கட்டினாள், ஜெபக்கூட்டத்துக்குக் கூட்டிப்போய் எண்ணெய் பூச வைத்தாள். மூன்று மதமும் என் நாக்கைப் பார்த்துவிட்டுக் கைவிரித்த பிறகு, எங்கள் ஊர் முருகனிடமே திரும்பி வந்தாள். பங்குனி உத்திரத்தன்று சின்னதாக ஒரு வெள்ளி வேல் செய்து என் நாக்கில் அலகு குத்துவதாக வேண்டிக்கொண்டாள். அம்மா முதலில் அழுதாள். “பொம்பளப் புள்ளடி. நாளைக்கி ஒருத்தன் வூட்டுல போயி திக்கிக்கினு நின்னா நீயா போயி பதில் சொல்லுவ?” என்று பெரியம்மா கேட்டதும் ஒப்புக்கொண்டாள். என்னை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டால் பதில் வர நேரமாகும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதானே.

நாக்கில் அலகு குத்திக்கொள்கிறவர்கள் காப்புக் கட்டிய நாளிலிருந்து ஏழு நாள் வாய் திறந்து பேசக் கூடாது. எங்கள் கோயில் வழக்கம் அது. ஒரு வேளைச் சாப்பாடு, பாய் இல்லாத தரை, மஞ்சள் துணி, இதையெல்லாம்கூடச் சமாளித்துவிடுவார்கள். பேசாமல் இருப்பதில்தான் மாட்டிக்கொள்வார்கள். அந்த வருடம் என்னோடு காப்புக் கட்டியிருந்த மளிகைக்கடைக்காரர் இரண்டாம் நாளே கடையைப் பூட்டிவிட்டார். சைகை காட்டிக் காட்டித் தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று அவர் மனைவி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்கோ, ஐயோ, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன். யாரும் என்னைப் பேசச் சொல்லவில்லை. கடைக்கு அனுப்பவில்லை. விருந்தாளி வந்தால் ‘பேர் சொல்லு கண்ணு’ என்று முன்னால் தள்ளவில்லை. காப்புக் கட்டியவர்களைச் சின்னவர் பெரியவர் என்று பார்க்காமல் சாமி என்றுதான் கூப்பிட வேண்டும். ‘வாயத் தொறந்து சொல்லுடி’ என்று மண்டையில் குட்டிக்கொண்டிருந்த பெரியம்மா, “சாமி, கை கழுவிக்கினு வாங்க” என்று சோற்றுத் தட்டோடு நின்றாள். வகுப்பில் கையைத் தூக்கினால் போதும், வாத்தியார் தலையை ஆட்டிவிட்டு டிக் போட்டுவிடுவார். அந்த வாரம் ஒரு நாள்கூட எனக்கு ஆப்சென்ட் இல்லை. தண்டனை என்று எல்லாரும் நினைத்துக் கொடுத்தது எனக்குக் கோடை விடுமுறையாக இருந்தது.

நாலாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. வருடத்துக்கு வேண்டிய புளி வாங்க அப்பா கல்வராயன் மலைக்குக் கிளம்பினார். என்னையும் கூட்டிப்போகச் சொன்னது பெரியம்மாதான். வீட்டில் விட்டுவைத்தால் யாராவது வாயைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவளுக்குப் பயம். அப்பாவோடு போனால் அந்த ஆபத்தே கிடையாது. கள்ளக்குறிச்சி வரை ஒரு பஸ், அங்கே மாறி வெள்ளிமலைக்கு ஒரு பஸ். வழியெல்லாம் அப்பாவும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஒரே இருக்கையில் இரண்டு பேருக்கும் அத்தனை நிம்மதி.

புளி வைத்திருந்தவர் வீட்டில் இல்லை. மரம் உலுக்கப் போயிருக்கிறார், மத்தியானம் ஆகும் என்று அவர் மனைவி சொன்னார். அப்பா மரத்தடியில் துண்டை விரித்தார். நான் வீட்டுக்குப் பின்னால் இறங்கி ஓடைப் பக்கம் போனேன். பங்குனி மாதத்து ஓடை, பாறைக்கு நடுவே கணுக்கால் அளவுதான் தண்ணீர். நிழலாக ஒரு பாறை பார்த்து உட்கார்ந்தேன்.

சும்மா இருக்க முடியாமல் மனசுக்குள் ‘உள்ளேன் ஐயா’ சொல்லிப் பார்த்தேன். தடையே இல்லாமல் வந்தது. மறுபடி சொன்னேன், மறுபடியும் வந்தது. வகுப்பில் இருந்த எல்லார் பெயரையும் சொன்னேன். பஸ்ஸில் வந்த வழியில் இருந்த ஊர்ப் பெயர்களைச் சொன்னேன். என்னைக் கேலி செய்த பையன்களை எனக்குத் தெரிந்த வசவெல்லாம் சேர்த்து ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தேன். காப்போடு திட்டலாமா என்று அப்போது தோன்றவில்லை. அதுவும் முடிந்த பிறகு சொல்வதற்கு உள்ளே ஒன்றும் மிச்சமில்லை. பேச்சு தானாக நின்றுவிட்டது.

அப்புறம் நடந்ததை இன்றுவரை யாரிடமும் ஒழுங்காகச் சொன்னதில்லை. திக்குவதால் அல்ல, சொல்லுக்குள் அடங்காததால். எந்தச் சாமியும் காட்சி கொடுக்கவில்லை. எதிர்ப் பாறையில் ஒரு குரங்கு தன் குட்டிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். கண் தானாக மூடிக்கொண்டது. என் வாய்க்கு முன்னால் எந்நேரமும் ஒரு பயம் நின்றுகொண்டிருக்கும். அது அங்கே இல்லை. அது விட்டுப்போன இடத்தில் நான் மட்டும் இருந்தேன், ஒரு குறையும் இல்லாமல் முழுசாக இருந்தேன். சந்தோஷம் என்றால் அப்படி ஒரு சந்தோஷம். கோயில் கோயிலாகச் சுற்றியபோது கண்ணை மூடி ‘எனக்குப் பேச்சு குடு’ என்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அன்றைக்குக் கேட்பதற்கு ஒன்றும் தோன்றவில்லை. கண்ணைத் திறந்தபோது அப்பா கொஞ்சம் தள்ளி இன்னொரு பாறையில் உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. கூப்பிடாமல், நான் எழுந்திருக்கும் வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “போலாம்” என்றார். புளி மூட்டையைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு இறங்கி வந்தோம்.

அன்றைக்கே எனக்குத் தெளிவாகிவிட்டது, நாக்கில் வேல் வேண்டாம். வலிக்கும் என்ற பயம் இல்லாமல் இல்லை, பொய் சொல்வானேன். ஆனால் காரணம் அது இல்லை. என்னிடம் கெட்டுப்போனது ஒன்றுமில்லை என்று நானே பார்த்துவிட்டேன், பிறகு எதைச் சரிசெய்ய? இதை வீட்டில் சொல்லலாம் என்றால் விரதம். அலகு வேண்டாம் என்று சொல்வதற்கு அலகுக்காக இருந்த மௌனத்தையே முறிக்க வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் ‘எனக்கு அலகு வேண்டாம்’ என்று எழுதி அம்மாவிடம் காட்டினேன். காப்புக் கட்டிய கையால் இப்படி எழுதினால் குடும்பத்துக்கு ஆகாது, யாருக்காவது ஏதாவது ஆகிவிடும் என்றாள். அப்பா அந்தத் தாளை வாங்கிப் படித்தார். திரும்பக் கொடுத்தார். அம்மா அதை அடுப்பில் போட்டாள். எறும்பு கடித்த மாதிரிதான் இருக்கும் என்று பெரியம்மா எனக்குத் தைரியம் சொன்னாள்.

உத்திரத்தன்று காலை கோயில் குளத்தில் முழுக்காட்டி, மஞ்சள் பூசி, எங்களை வரிசையாக நிறுத்தினார்கள். பம்பைச் சத்தத்தில் காது அடைத்தது. ஊரே சுற்றி நின்றது. மளிகைக்கடைக்காரருக்குக் குத்தி முடித்து, பூசாரி என் முன்னால் வந்தார். பெரியம்மா தாம்பாளத்தில் வேலை நீட்டினாள். பூசாரி விரலில் திருநீற்றை எடுத்துக்கொண்டு நாக்கை நீட்டச் சொன்னார்.

நான் நாக்கை நீட்டாமல் பேசத் தொடங்கினேன். “எ... எ... எ...” என்று முதல் எழுத்திலேயே நின்றது. பம்பைக்காரர் அடிப்பதை நிறுத்தினார். காப்போடு பேசுகிறதே என்று யாரோ பதறினார்கள். சாமி வந்திருக்கிறது என்று வேறு யாரோ கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பெரியம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். பூசாரி என் தாடையைப் பிடித்தார்.

அப்போது பின்னாலிருந்து அப்பா வந்தார். பெரியம்மாவின் கையை எடுத்துவிட்டார். பூசாரியைப் பார்த்து, முகமெல்லாம் கோணிக்கொண்டு, “வு... வு... வுடுங்க” என்றார். கூட்டத்தில் சில இளவட்டங்கள் களுக்கென்று சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை. “அ... அ... அது சொ... சொல்லி முடிக்கட்டும்.”

பூசாரி என் தாடையிலிருந்து கையை எடுத்தார். நான் முடித்தேன். எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது, அவசரப்படவில்லை. “எனக்கு வேணாம். என் நாக்கு இப்படியே இருக்கட்டும்” என்ற இரண்டே வாக்கியத்தை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தி முழுசாகச் சொன்னேன். பூசாரி கையிலிருந்த திருநீற்றை வீணாக்காமல் என் நெற்றியில் பூசிவிட்டு, காப்பை அவிழ்த்தார். “அடுத்த ஆளு வாங்க” என்றார். பெரியம்மா அழுதுகொண்டே வேலை உண்டியலில் போட்டாள்.

குடும்பத்தில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கரும்பும் நன்றாகத்தான் விளைந்தது. அடுத்த வாரம் வகுப்பில் நான் எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ முழுசாக முடியும் வரை உட்காரவில்லை. வாத்தியார் அடுத்த பெயருக்குப் போகாமல் காத்திருக்கப் பழகிக்கொண்டார். ஓடைப் பாறையில் கிடைத்ததைத் தேடி நான் திரும்ப மலைக்குப் போக வேண்டியிருக்கவில்லை, வீட்டிலேயே கண்ணை மூடினால் இருந்தது.

ஆனால் அப்பாவை நான் மன்னிக்கவில்லை. தெருப் பையன்கள் செய்ததையே அவரும் செய்துவிட்டார், ஊர் முன்னால் என்னைப் போலவே திக்கிக் காட்டிக் கேலி செய்துவிட்டார் என்று நினைத்தேன். அவருக்கு நன்றாகப் பேச வரும் என்பதற்கு என்னிடம் சாட்சி இருந்தது. கொட்டகையில் பசுவோடு தனியாக இருக்கும்போது அவர் சரளமாகப் பேசுவதை நான் ஒளிந்து நின்று கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவரோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது எந்தச் சாமிக்கும் வேண்டிக்கொண்ட மௌனம் இல்லை, அவரை வருத்தவே இருந்தேன். அவரும் விளக்கம் சொல்லவில்லை.

அவர் சொந்த ஊரை விட்டு வந்ததே அங்கே எல்லாருக்கும் தன் திக்கல் தெரியும் என்பதால்தான் என்று அம்மா என்னிடம் சொன்னபோது எனக்குப் பத்தொன்பது வயது. எங்கள் ஊரில் அம்மாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாமல், ‘ம்’ என்றும் ‘சரி’ என்றும் வருடக்கணக்காக அதை மறைத்து வைத்திருந்தார். பாறையில் எனக்கு வந்த மாதிரி, கேட்க ஆள் இல்லாத கொட்டகையில் அவருக்கும் பேச்சு தடையில்லாமல் வந்திருக்கிறது. எனக்கு உள்ளே திறந்த அதே மௌனத்துக்குள் அவர் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார். என் இரண்டு வாக்கியம் முடிய வேண்டும் என்பதற்காக, ஊர் கூடி நின்ற இடத்தில் அதைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

அந்த உத்திரத்தன்று மத்தியானம் அவர் திருவிழாக் கடையில் பொரியும் கடலையும் வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்தார். நான் அதைக் காலால் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.