என் மகளுக்கு நான் எடுத்த எக்ஸ்ரே

தக்கலையில் ஒரு ஸ்கேன் சென்டரில் பதினெட்டு ஆண்டுகளாக எக்ஸ்ரே எடுப்பவன் நான். மகள் லிஜிக்கு அப்போது பதினாறு வயது. ஒருநாள் பள்ளிவிட்டு வரும் வழியில் சென்டருக்குள் வந்து வலது காலை நீட்டிக் காட்டினாள்.

"அப்பா, முட்டுக்குப் பொறத்தால ஒரு முண்டு மாதிரி இருக்கு. நோவு இல்ல."

முழங்காலுக்குப் பின்னால் அந்தக் கட்டி நெல்லிக்காய் அளவு இருந்தது. உடனே படம் எடுத்தேன். வீட்டுப் பிள்ளைதானே என்று மருத்துவரிடம் காட்டாமல் நானே பார்த்தேன்.

"எலும்புக்கு ஒண்ணுமில்ல மக்கா. ஓடிச் சாடினதுல சதை பிடிச்சிருக்கும்."

ஐந்து மாதம் அந்தச் சொல்லை நம்பி, அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அவள் நடந்தாள். கட்டி எலுமிச்சை அளவானதை என் மனைவி மேரி ஒருநாள் கண்டு பதறி, எங்களை நாகர்கோவிலுக்கு இழுத்துப்போனாள்.

"முன்னாடி படம் ஏதாவது எடுத்தீங்களா?" என்று எலும்பு மருத்துவர் கேட்டார்.

"இல்ல டாக்டர்."

லிஜி என்னைப் பார்த்தாள்.

எம்.ஆர்.ஐ. (தசை, நரம்பு போன்றவற்றைக் காந்தப்புலத்தால் காட்டும் படம்) எடுத்தார்கள். பிறகு பயாப்சி (கட்டியிலிருந்து துளி சதை எடுத்துச் சோதிப்பது). சைனோவியல் சார்கோமா (பெரும்பாலும் மூட்டுகளின் அருகே அரிதாக வரும் மென்திசுப் புற்றுநோய்) என்று முடிவு வந்தது.

மறுநாள் தனியாகப் போய்ப் பழைய படம் இருந்த சி.டி.யை மருத்துவரிடம் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. கணினியில் வெளிச்சத்தை மெல்லக் கூட்டினார். நான் வெறும் கறுப்பாகக் கண்ட இடத்தில் உருண்டையாக ஒரு மங்கல் நிழல் தெரிந்தது.

"எக்ஸ்ரேல இவ்வளவுதான் தெரியும். ஆனா வேற யாராவது பாத்திருந்தா, மேல ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருப்பாங்க."

திருவனந்தபுரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நுரையீரலுக்குப் பரவியிருக்கவில்லை. ஆனால் பாதத்தைத் தூக்கும் நரம்போடு கட்டி ஒட்டியிருந்ததால் அதையும் சேர்த்து வெட்ட வேண்டியதாயிற்று. ஐந்து மாதம் முன்பே வந்திருந்தால் நரம்பு தப்பியிருக்குமா என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள்.

கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த ஒரு மதியம், மேரி மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"அண்ணைக்கு டாக்டர்ட்ட நான் பொய் சொன்னேன் மக்கா."

"தெரியும்ப்பா. அம்மாட்ட சொல்லாண்டாம். அவ தாங்கமாட்டா."

லிஜிக்கு அவளுடைய நோவு போதாதென்று, என் குற்றத்தையும் அவள் தலையில் ஏற்றி வைத்திருந்தேன். அன்று மாலையே மேரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நான்கு நாள் அவள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், "இனி அவ படத்த நீங்க தொடப்பிடாது" என்றாள். இன்றுவரை தொடவில்லை.

உங்கள் பிள்ளையின் உடம்பில் ஒரு கட்டி வளர்கிறதென்றால், வலிக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். படம் பார்க்கத் தெரிந்தவர் நீங்களே ஆனாலும் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

லிஜி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். பாதம் தொங்காமலிருக்க ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கி அணிகிறாள். நோய் திரும்புகிறதா என்று பார்க்கும் ஒரு ஸ்கேனிலிருந்து அடுத்த ஸ்கேன்வரை, மூன்று மூன்று மாதமாகத்தான் எங்களுக்குக் காலம் கழிகிறது.

வெளியே போகும்போது அவளுக்குப் பின்னால்தான் நடக்கிறேன். அவளுடைய வலது கால் ஒரு நொடி தாமதித்துத்தான் தரையில் பதியும். அது பதியும்வரை என் காலும் எழுவதில்லை.