மிலாறுக்கு அடியில் கிடந்த பலகை

எங்கள் பயிற்சி நிலையத்துக்குள் நுழைந்ததும், மற்ற இடங்களில் தலைவர் படம் தொங்கும் இடத்தில், ஒரு பழைய பலகை தொங்குகிறது. உடம்பெல்லாம் ஆணி ஓட்டை. நடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கருகிய தழும்பு. பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் அதை ஒருமுறை பார்ப்பார்கள், பிறகு என்னை ஒருமுறை பார்ப்பார்கள். "கரையான் அரிச்சுருச்சுங்களா சேர்?" என்று போன வாரம்கூட ஒரு அப்பா கேட்டார். "இல்லீங்க, அதுதான் எங்க நிலையத்தோட சர்டிபிகேட்" என்றேன். அவர் மகனின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். வயரிங் சொல்லிக்கொடுப்பவன் நான்தான் என்று தெரிந்தபோது இன்னும் இறுகப் பிடித்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. என் வீட்டில் பல்பு மாற்ற வேண்டுமென்றால் என் மனைவி இன்றும் பதுளை டவுனிலிருந்துதான் ஆள் கூப்பிடுகிறாள்.

அந்தப் பலகையை அங்கே மாட்டியவர் அப்போது நிலையத்துக்குப் பொறுப்பாக இருந்த மேடம். ஏணியைப் பிடித்தது மட்டும் நான்.

தெமோதரைக்குப் போகிற வழியில் இருக்கும் எங்கள் நிலையம் ஒரு காலத்தில் தோட்டத்துப் புள்ளக்காம்பரா. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். ஏணை கட்டிய கொக்கிகள் இன்றும் உத்தரத்தில் இருக்கின்றன. நாங்கள் அவற்றில் வயர்ச் சுருள்களை மாட்டினோம். மேடம் அதைச் சுட்டிக்காட்டி, "நான் தொங்குன எடத்துல இப்ப வயர் தொங்குது" என்று சிரிப்பார். அதே தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர் அவர். குள்ளம், கஞ்சி போட்ட சேலை, அதட்டல் குரல். வேலை பழகும் பிள்ளைகளிடம் அவர் ஓயாமல் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "நல்லா வந்தத ஒங்க அம்மாகிட்ட காட்டுங்க. கெட்டுப்போனத என்கிட்ட காட்டுங்க." பிழையாய்ப்போன வேலையைக் கழற்ற விடமாட்டார். அதைச் செய்த பிள்ளையை எதிரில் நிறுத்தி, எங்கே பிழை என்று அந்தப் பிள்ளையின் வாயாலேயே சொல்ல வைத்த பிறகுதான் விடுவார்.

அப்போது எங்களிடம் எல்லாம் இருந்தது, கொழும்பிலிருந்து வர வேண்டிய அரசாங்க அங்கீகாரம் மட்டும் இல்லை. அது இல்லாவிட்டால் நாங்கள் கொடுக்கும் சான்றிதழில் எங்கள் சீல் மட்டும்தான் இருக்கும். அந்தச் சீலுக்கு எங்கள் கேட்டைத் தாண்டினால் மரியாதை கிடையாது. இதை முதலில் பட்டு அறிந்தவள் வகுப்பில் இருந்த ஒரே பெண்பிள்ளை. எல்லப் பக்கம் ஒரு ஹோட்டலில் மின் வேலைக்கு ஆள் கேட்டார்கள் என்று போனாள். செய்து காட்டச் சொன்னார்கள், செய்து காட்டினாள். பிடித்துப்போனது. பிறகுதான், "ஒங்க எடத்துக்கு அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்டிருக்கிறார்கள். வரப்போகிறது என்றாளாம். வந்ததும் வா, அதுவரை இடத்தை வைத்திருக்கிறோம் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து தினமும் காலையில் நான் நிலையத்துக்குள் கால் வைக்கும்போதே, "சேர், கொழும்புலேர்ந்து ஏதாச்சும்?" என்பாள். நான் தபால்காரர் மாதிரி தலையை ஆட்டுவேன்.

ஒருநாள் பார்வையிட வருகிறோம் என்று செய்தி வந்தது. எங்கள் ரத்தத்தில் இருக்கும் ஒன்று உடனே விழித்துக்கொண்டது. தோட்டத்துக்குப் பெரிய தொரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், சாக்கடைக் கானைக் கழுவுவார்கள், நாயை விரட்டுவார்கள், கிழிந்த சாக்கைக்கூட ஒளித்துவைப்பார்கள். யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை பெற்றோரெல்லாம் வாளியும் மட்டையுமாக வந்து நின்றார்கள். மாலை கட்ட ஆள், பந்தலுக்கு வாழை கொண்டுவர ஆள். மேடமும் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கிவிட்டார். நானோ புதுக் கருவிகளும் பலகைகளும் வாங்கி, பலகைகளுக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, இரண்டு நாள் உட்கார்ந்து நானே வயரிங் செய்தேன். எண்ணெய் வைத்து வாரிய வகிடு போல வயர் ஓடியது. என் கலைத்திறமையை நானே சற்று விலகி நின்று ரசித்தேன். பிள்ளைகள் மாதக்கணக்காகப் பூட்டிக் கழற்றிச் சல்லடையாக்கிய பழைய பலகைகளை என்ன செய்வது? கட்டடத்துக்குப் பின்னால், கவ்வாத்தில் வெட்டிய தேயிலைக் குச்சிகளை, மிலாறை, விறகுக்கு அடுக்கிவைத்திருந்தோம். அதற்கு அடியில் தள்ளினோம். கருகிய பலகையை அந்தப் பெண்பிள்ளையே கொண்டுபோய், எல்லாவற்றுக்கும் கீழே சொருகிவிட்டு வந்தாள். அது அவள் எரித்த பலகை.

வந்தவர்கள் இரண்டு பேர். தலைமை அதிகாரி ஒரு சிங்கள அம்மா. பரீட்சைக்குப் படித்த சுத்தமான தமிழ் பேசினார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்பது போல வரிசையில் நின்ற பிள்ளைகளைக் கடந்து, மாலையை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, நேராக என் வெள்ளைப் பலகைகளிடம் போனார். விரலால் தடவினார்.

"மிகவும் அழகாக இருக்கிறது. யார் செய்தது?"

எனக்குக் காது சூடானது, பெருமையில். "நான்தாங்க மேடம்."

"மாணவர்கள் செய்தது எங்கே?"

அவர் டெஸ்டரை எடுத்துப் பார்த்தார். புதுசு. இடுக்கியைத் திறந்து மூடினார். புதுசு. "இங்கே யாரும் வேலை பழகியதாகத் தெரியவில்லையே. இதைப் பார்த்து நான் எப்படி அங்கீகாரம் எழுதுவது? அடுத்த முறை வருகிறோம்" என்றார் மென்மையாக.

அடுத்த முறை என்றால் எப்போது என்று அவருக்கே தெரியாது. ஹோட்டல்காரன் அதுவரை காத்திருக்கமாட்டான். அந்தப் பெண்பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. மேடத்தைப் பார்த்தேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"தொரைக்கு மறைச்சுப் பழகிட்டோம் மேடம். மன்னிச்சுக்கங்க. ஒரு நிமிசம் பின்னால வாங்க" என்றவர், யாருக்கும் காத்திராமல் போய், கஞ்சி போட்ட சேலையோடு மிலாறை இழுத்துக் கீழே போட ஆரம்பித்தார். "மரம் மாதிரி நிக்காதீங்க சேர், புடிங்க!" என்று எனக்கும் ஒன்று விழுந்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். பலகைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. "ஏய், இது என்னோட ஓட்டைடா!" "போடா, ஒன்னோடது கோணலா இருக்கும், இது நேரா இருக்கு!" என்று சண்டை. அதிகாரி அம்மா முதல்முறையாகச் சிரித்தார்.

கடைசியில் கருகியது வந்தது. "இது?" என்றார்.

அந்தப் பெண்பிள்ளை மேடத்தைப் பார்த்தாள். மேடம், "கெட்டுப்போனத யார்கிட்ட காட்டணும்?" என்று மட்டும் கேட்டார்.

அவள் முன்னால் வந்தாள். "நான் எரிச்சது மேடம். ஸ்விட்சுக்கு லைன் மட்டுந்தான் வரணும். நான் நியூட்ரலையும் அதுலயே குடுத்துட்டேன். போட்டதும் ரெண்டும் நேரா சேந்துருச்சு. பியூஸ் போயிருச்சு, அதே லைன்ல இருந்த கோயில்ல பாட்டும் நின்னுருச்சு."

"இப்போது என்ன செய்வாய்?"

"நியூட்ரல நேரா பல்புக்குக் குடுப்பேன். கரண்ட் குடுக்குறதுக்கு முன்னாடி மீட்டர் வச்சுப் பாப்பேன்." கொஞ்சம் நிறுத்தி, "செஞ்சு காட்டவா?" என்றாள்.

அந்தக் கருகிய பலகையிலேயே பூட்டினாள். பல்பு எரிந்தது. என் வெள்ளைப் பலகைகளை அதற்குப் பிறகு யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கீகாரம் வந்த அன்று மேடம் ஆணியும் சுத்தியலுமாக ஏணியில் ஏறினார். அந்தப் பெண்பிள்ளை அதே ஹோட்டலில் இப்போது மூத்த டெக்னீஷியன். என் மனைவி சமீபத்தில் அவளுடைய போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மேடம் ஓய்வுபெற்றுப் பண்டாரவளையில் இருக்கிறார். என்னையோ, யார் கண்பட்டதோ, பார்வையிடும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். போன மாதம் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு புதிய நிலையத்துக்குப் போனோம். கேட்டிலேயே சுண்ணாம்பு வாசனை. பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். மாலை வந்தது. உள்ளே பலகைகள் வெள்ளைவெளேர் என்று இருந்தன. பக்கத்தில் அவற்றைச் செய்த இளம் ஆசிரியர், நான் நின்ற அதே மாதிரி, காது சிவந்து நின்றார்.

எங்கள் வாசலில் தொங்கும் கருகிய பலகை என் கண்ணுக்குள் வந்தது. மாலையைக் கழற்றி மேசையில் வைத்தேன்.

"ரொம்ப அழகா இருக்கு தம்பி" என்றேன். "மிலாறு எங்க அடுக்கியிருக்கீங்க?"