சஷ்டி வாரத்தில் நான் போகாத கன்டீன்

பம்பலப்பிட்டியில் ஒரு பெண்கள் பாடசாலையின் சிக் ரூமில் தாதியாக இருக்கிறேன். இரண்டு கட்டில், ஒரு மேசை, ஒரு மருந்து அலுமாரி. அலுமாரிக் கதவின் உட்பக்கம் நான் எழுதி ஒட்டிய பட்டியல் இருக்கிறது. காலையில் வந்ததும் அதைப் பார்த்து ஒவ்வொரு பொருளையும் கையால் தொட்டுப் பார்ப்பேன். குளுக்கோஸ் டப்பா நிறைய இருக்க வேண்டும். சுகர் பார்க்கும் மீற்றர் வேலை செய்ய வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே சுகர். காலையில் வீட்டில் இன்சுலின் போட்டுக்கொண்டு வருவாள். இடைவேளைக்குக் கொஞ்சம் முன் என்னிடம் வந்து விரலில் குத்திப் பார்ப்பாள். நான் தாளில் எழுதுவேன். திகதி, வீட்டில் போட்ட இன்சுலின், சுகர் அளவு. பிறகு அவள் வீட்டுச் சாப்பாட்டுப் பெட்டியோடு கன்டீனுக்குப் போவாள், நானும் பின்னால் கன்டீனை ஒரு சுற்றுச் சுற்றி வருவேன். அவள் சாப்பிடுவதைக் கண்ணால் கண்டதால் அதற்கென்று தாளில் ஒரு கட்டம் போடத் தோன்றவில்லை.

கந்தசஷ்டி தொடங்கியது. நான் பின்னேரம் பாலும் பழமும் மட்டும் எடுக்கிற விரதம். பத்தரை மணிக்குக் கன்டீனில் ரோல்ஸ் பொரிக்கிற வாசம் வெறும் வயிற்றில் தாங்க முடியாதது. ஆறு நாள்தானே என்று சிக் ரூமிலேயே இருந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவளுக்குச் சுகர் எண்பத்திரண்டு. "கொஞ்சம் இறக்கம்தான். உடனே போய்ச் சாப்பிடு," என்று அனுப்பினேன். ஒரு மணித்தியாலம் கழித்து அவளுடைய சிநேகிதி, ஒரு முஸ்லிம் பிள்ளை, மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"மிஸ், கெதியா வாங்க! அவ ஒரு மாதிரிக் கதைக்கிறா. கணக்கு டீச்சர அம்மாண்டு கூப்பிடுறா. கிளாஸே சிரிக்குது."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மீற்றரையும் குளுக்கோஸையும் தூக்கிக்கொண்டு படி ஏறினேன். வியர்வையில் அவள் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. விரலில் குத்திப் பார்த்தேன். நாற்பத்தெட்டு. இன்னும் இறங்கினால் நினைவு தப்பும், வலிப்பும் வரலாம். நல்ல வேளை, விழுங்கும் நிலையில் இருந்தாள். மூன்று கரண்டி குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தேன். பதினைந்து நிமிடம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுபத்தொன்று. இன்னொரு கோப்பை கொடுத்து, சிநேகிதியோடு சேர்ந்து சிக் ரூமுக்குக் கூட்டி வந்து கட்டிலில் இருத்தி, பிஸ்கட்டும் கொடுத்தேன். நூற்றுநான்கு.

"இடைவேளைக்கு என்ன சாப்பிட்டனீ?"

அவள் சிநேகிதியைப் பார்த்தாள். சிநேகிதி அழத் தொடங்கினாள். "மூணு நாளா அவட சாப்பாட்ட நான்தான் மிஸ் சாப்பிட்டேன். பசிக்கல்லண்டு சொன்னா. அவங்கட வீட்டுச் சம்பலும் நல்லா ஈக்கும்…"

"விரதமெண்டு உன்னட்டச் சொன்னனான்தானே," என்றாள் கட்டிலில் இருந்தவள்.

"இண்டைக்குத்தானே சொன்ன! எங்கட நோன்பிலயே சுகர் வருத்தக்காரங்க புடிக்கத் தேவல்ல. நீ என்ன பெரிய சாமியா?"

நான் போன் பண்ணியதும் தாய் கொட்டாஞ்சேனையில் வேலை செய்யும் இடத்திலிருந்து ஓட்டோ பிடித்து வந்தார். மகளைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நான் காலமை பக்கத்தில இருந்து தீத்தாத குறையாச் சாப்பிட வைக்கிறனான், மிஸ். இண்டைக்குத்தான் வான் வந்திட்டுதெண்டு பாதியில எழும்பி ஓடினவள். விரதம் எனக்குத்தான். இவளின்ர வருத்தம் மாற வேணுமெண்டுதான் பிடிக்கிறன்."

"அதுதான் அம்மா," என்றாள் மகள். "எனக்காக நீங்க பட்டினி கிடக்க, நான் இடியப்பத்தைப் பிரிச்சு வச்சுத் தின்னுறதோ?"

தாய் மகளின் நெற்றியைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "விரதத்தை நடுவில விட மாட்டன், மிஸ். ஆனா ஒரு நேரச் சாப்பாட்டோடயும் பிடிக்கலாம்தானே. நாளையில இருந்து மத்தியானம் நான் சாப்பிடுறன். இவள் இன்டர்வலுக்குச் சாப்பிட்டவளெண்டு நீங்க மெசேஜ் போட்டால்தான் சாப்பிடுவன். இல்லாட்டி இல்லை. கேட்டதே பிள்ளை?"

"இது அநியாயம்," என்றாள் மகள். சிரித்துவிட்டாள்.

நானும் என் பங்கைச் சொன்னேன்: மூன்று நாளாகக் கன்டீன் பக்கம் போகவில்லை, எண்பத்திரண்டைப் பார்த்த பிறகும் கூடப் போகவில்லை, காரணம் என் பசி. தாய் கோபிப்பார் என்று காத்திருந்தேன். "நீங்களும் விரதமே?" என்று மட்டும் கேட்டார். அவர்கள் போனதும் தாளில் கோடு இழுத்து நான்காவது கட்டம் போட்டேன்: சாப்பிட்டாள்.

மறுநாள் பத்தரைக்கு ரோல்ஸ் வாசத்துக்கு நடுவே அவள் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். அவள் கடைசி இடியப்பத்தையும் சொதியில் தோய்த்துச் சாப்பிட்டு, வெறும் பெட்டியை எனக்குச் சரித்துக் காட்டினாள். சிநேகிதியின் முகத்தில் சம்பல் போன கவலை. தாய்க்கு "சாப்பிட்டாச்சு" என்று அனுப்பினேன். பார்த்துவிட்டார் என்று உடனே இரண்டு நீலக் கோடு விழுந்தது.

"மிஸ், இனிப் போங்கோ," என்றாள் அவள். "நீங்க என்ர பெட்டியைப் பாக்கிற பார்வை சரியில்லை."