நாற்றம் தெரிந்தவர்

கும்மிடிப்பூண்டி ரயிலில் எனக்கு எதிரே ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெயிலில் காய்ந்த முகம். ஒரு கையால் மூக்கில் கைக்குட்டையை அழுத்தியிருந்தார், எடுக்கவே இல்லை. மறு கையில் இருந்த போனில் பழைய கறுப்பு வெள்ளை ஆங்கிலத் தொடர் ஒன்று ஓடியது. விண்வெளிக்குப் போனவன் வீடு திரும்புகிறான். கதவைத் திறந்த மனைவி அவன் முகத்தைப் பார்த்துப் பின்வாங்குகிறாள். அந்த இடம் வந்ததும் மறுபடி பின்னால் தள்ளிப் பார்ப்பார்.

"கதை புரியுதாண்ணா?" என்று கேட்டேன்.

"பாஷை புரில. ஆனா இது என் கதை," என்றார். "கப்பல்ல வேலை. ரெண்டு வருசம் கழிச்சி வூட்டுக்கு வந்தேன். உள்ள காலை வெச்சதும், 'இன்னாமே இந்த நாத்தம்?'னு கேட்டுட்டேன். மணலி கம்பெனிங்க உடுற கேஸு. அங்கியே கெடக்குறவங்களுக்கு அது தெரியாது. 'எம் புருசனுக்கு இந்த நாத்தம் தெரியாதே, நீ யாரு?'ன்னா எம் பொண்டாட்டி. சிரிச்சிகினுதான் கேட்டா. அப்பால சிரிக்கவே இல்ல."

கைக்குட்டையை இன்னும் அழுத்திக்கொண்டார். "இப்போ கூட அடிக்குது. உனக்கு?"

"இன்னா நாத்தம்ணா?" என்றேன்.

என்னையே பார்த்தார். "குடுத்து வெச்சவன்பா நீ," என்று சொல்லி, திருவொற்றியூரில் இறங்கிப் போனார்.

எண்ணூரில் என் வீட்டு வாசலில் நின்று மூச்சை ஆழமாக இழுத்துப் பார்த்தேன். எந்த நாற்றமும் தெரியவில்லை. அப்பாடா என்று கதவைத் தட்டினேன்.

அந்த அப்பாடாதான் இன்றுவரை என்னைத் தூங்கவிடவில்லை.