மண்டியில் பேசி முடித்த விலை

ஆலங்குடியில் எங்கள் வீட்டு மாடியில் இருக்கும் ஒலிப்பதிவுக் கூடம் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பு சென்னையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்துச் சேர்த்த சம்பளத்தில் வாங்கிய கருவிகள். இந்தப் பக்கத்து மெல்லிசைக் குழுக்கள் சொந்தமாகப் பாட்டுப் போட்டால் பதிவு செய்து, மிக்ஸிங் பண்ணிக் கொடுக்கிறேன். கணவருக்கு இதில் பங்கு கிடையாது. அவர் கடைத்தெருவில் கடலை மண்டி வைத்திருக்கிறார். ஆனாலும் விலை பேச எல்லாரும் அவரிடம்தான் போவார்கள்.

போன வருடம் ஆவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குழு வந்தது. நடத்துபவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், கீபோர்டு வாசிப்பார். ஊர்த் திருவிழாவுக்காக இரண்டு பாட்டு எழுதியிருந்தார்கள். ஒரு பாட்டுக்குப் பதிவு நாலாயிரம், மிக்ஸிங் ஆறாயிரம் என்றேன். சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஆறாயிரமா என்று கேட்டார். வேறொரு பாட்டை மிக்ஸிங்குக்கு முன்னும் பின்னும் போட்டுக் காட்டினேன். நன்றாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்வதாக இறங்கிப் போனார்.

நேராக மண்டிக்குப் போயிருக்கிறார். சாப்பிட வந்த கணவர், ரெண்டு பாட்டையும் எல்லாம் சேர்த்து எட்டாயிரத்துக்கு முடித்துவிட்டதாகச் சொன்னார். என்னைக் கேட்காமலா என்றேன்.

"நான் அவருகிட்டப் படிச்சவன். வந்து நின்னு கேக்குறப்ப எப்படி முடியாதுங்கிறது?" என்றார்.

"கடலைய மார்க்கெட் வெலைக்குப் பாதியாக் கேட்டா குடுப்பீங்களா?"

"அது காசு போட்டு வாங்குறதும்மா. இது ஒன் ஒழைப்புதானே."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழு வந்தது. பாடிய பெண் தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நைட் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தாள். முதல் அடியிலேயே குரல் என்னைப் பிடித்துக்கொண்டது. மைக்கை மாற்றி மாற்றி வைத்து, அவள் மூச்சு வாங்கும் இடம்கூடக் கெடாமல் பதிவு செய்தேன். முடிந்ததும் ஆசிரியர் எட்டாயிரத்தை எண்ணி நீட்டினார். பதிவுக்கு அது சரியாகப் போய்விட்டது, மிக்ஸிங் தனி என்றேன்.

"ஒங்க வீட்டுக்காரர் ரெண்டுக்கும் சேத்துத்தானேம்மா சொன்னாரு?"

"அப்ப மிக்ஸிங்க அவரையே பண்ணிக் குடுக்கச் சொல்லுங்க சார்."

தபேலாக்காரர் சிரித்தார். ஆசிரியர் சிரிக்கவில்லை. பதிவை மட்டும் பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

திருச்சியில் யாரோ மலிவாக மிக்ஸிங் செய்து கொடுத்திருக்கிறார்கள். திருவிழா சமயத்தில் அந்தப் பாட்டு போன் போனாகச் சுற்றி எனக்கும் வந்தது. தாளம் மட்டும் முழங்கியது; அந்தப் பெண் கிணற்றுக்குள்ளிருந்து பாடுவதுபோல் இருந்தது. கடைசியில் நன்றி என்று போட்டு எங்கள் ஸ்டுடியோ பெயர். ஆசிரியர் மரியாதைக்காகத்தான் போட்டிருப்பார். அதே வாரம், என்னிடம் வருவதாக இருந்த ஒரு குழு, பாட்டைக் கேட்டுவிட்டு, புதுக்கோட்டையிலேயே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டது.

அந்தக் குரல் அப்படிக் கிடப்பதை என்னால் கேட்க முடியவில்லை. யாரும் கேட்காமலே உட்கார்ந்து இரண்டு பாட்டையும் நானே மிக்ஸிங் செய்தேன். வேறு வேலை ஓடவில்லை. முடித்ததும் அந்தப் பெண்ணுக்கு அனுப்பினேன். அவள் ஆசிரியருக்கு அனுப்பியிருக்கிறாள். அவர் போன் செய்தார். நன்றாக வந்திருக்கிறது என்று மனதாரச் சொன்னார். பிறகு, "இதயே மொதல்ல குடுத்திருக்கலாமேம்மா" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

கணவரைக் கூப்பிட்டு, திருச்சியில் செய்ததையும் நான் செய்ததையும் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றாமல், நான் செய்ததை இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டார். அதற்குப் பிறகு மண்டிக்கு யார் போன் செய்தாலும், விலையை என்னிடம் கேட்கச் சொல்கிறார். கூடவே, "பாத்துச் செய்யச் சொல்றேன்" என்று ஒரு வார்த்தை சேர்க்காமல் அவரால் இருக்க முடிவதில்லை.

இப்போது பதிவு, மிக்ஸிங் என்று பிரித்துச் சொல்வதை விட்டுவிட்டேன். பாட்டுக்குப் பத்தாயிரம், அவ்வளவுதான். போன வாரம் குளத்தூரிலிருந்து வந்த ஒரு குழுவிடமும் அப்படித்தான் சொன்னேன். கலந்து பேசிச் சொல்வதாகப் போனார்கள். இன்னும் போன் வரவில்லை.

காலையில் காபி குடித்துக்கொண்டே கணவர் விசாரித்தார். இல்லை என்றேன்.

"பத்து கொஞ்சம் கூடுதலோ?" என்றார்.

நான் டம்ளரை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன்.