கடைசி ஆள் வரும்வரை

எங்கள் சபை இனி ஆதித் திருச்சபையைப் போல நடக்கும் என்று பாஸ்டர் செவ்வாய்க்கிழமை ஜெபக் கூட்டத்தில் அறிவித்தார். ஞாயிறு மாலை வீடு வீடாகக் கூடுவோம், ஒன்றாகச் சாப்பிடுவோம், அங்கேயே அப்பம் பிட்டுத் திருவிருந்து எடுப்போம் என்றார்.

"ஆதி சபைல யாரும் பெங்களூர் டிரெயின் புடிச்சி வேலைக்குப் போவல பாஸ்டர்" என்றேன். என் வாய் அப்படி.

வயிற்றெரிச்சலில் சொன்னதுதான். பெங்களூரில் ஒரு மாலில் துப்புரவு சூப்பர்வைசர் நான். ஞாயிறுதான் அங்கே கூட்டம் அலைமோதும். எனக்கு லீவு செவ்வாய். அந்த வேலைக்குப் போன நாளிலிருந்து திருவிருந்து என் நாக்கில் படவில்லை. மாலையில் வைத்தாலும் நான் எங்கள் ஊரிகம் ஸ்டேஷனில் இறங்குவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். நான் இல்லாமலே சபைக்குப் பழகிவிட்டது, நானும் சபை இல்லாமல் பழகிக்கொள்கிறேன் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டேன்.

முதல் கூட்டம் ஊரிகத்தில், தங்கச் சுரங்கத் தொழிலாளிகளுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடு ஒன்றில். அந்த வீட்டுப் பெரியவர் சுரங்கத்தில் வெடி வைக்கும் வேலை பார்த்தவர், சர்க்கரை நோயாளி. அன்றைக்கென்று டிரெயின் வழியில் பங்காருப்பேட்டையில் நின்றது நின்றதுதான். மகளோடு கூட்டத்துக்குப் போயிருந்த என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்னப் பாக்காதீங்க. ஆரம்பிக்கச் சொல்லுங்க."

"நீ வா" என்று வைத்துவிட்டார்.

அவரையும் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்றுதான் அங்கே போனேன். வாசல் நிறையச் செருப்பு. உள்ளே பாட்டுச் சத்தம் இல்லை. முடிந்தது என்று நினைத்துக்கொண்டு நுழைந்தேன். சோற்றுக் குண்டானின் மூடியைக்கூடத் திறக்கவில்லை. தட்டுகள் அடுக்கியபடி இருந்தன. பிள்ளைகள் மடிகளில் தூங்கிப்போயிருந்தார்கள். மேசைமேல் வெள்ளைத் துணிக்குக் கீழே அப்பம் முழுசாக இருந்தது.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. பெரியவரைப் பிடித்துக்கொண்டேன். "சுகர வச்சிக்கினு இன்னும் துன்னாம குந்தினு இருக்கீங்களே, இன்னா பெரியவரே இது?"

"ரெண்டு பிஸ்கெட்டு துன்னேன்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். "கீழ ஒரு ஆளு இருந்தாகூட நாங்க வெடி வெக்க மாட்டோம். எல்லாரும் மேல வந்தாதான். இது மட்டும் இன்னா? குந்தும்மா."

குந்தினேன்.

பாஸ்டர் வேதத்தைத் திறந்தார். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுவிடுவார்களாம். இல்லாதவர்கள் பசியோடு நிற்பார்களாம். பவுல் அவர்களைக் கடிந்துகொண்டு, ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கச் சொன்னாராம். சிறுவயதிலிருந்து கேட்ட பகுதிதான். அன்றைக்குத்தான் எனக்கு மெய் சிலிர்த்தது. எந்தக் காலத்திலோ, எந்த ஊரிலோ, என்னைப் போல ஒருத்தி வேலை முடித்து ஓடிவந்து காலித் தட்டைப் பார்த்திருக்கிறாள். அவளுக்காக எழுதியதை இந்த லைன் வீட்டில் எனக்காகச் செய்திருக்கிறார்கள். கர்த்தாவே, நான் எம்மாத்திரம் என்று அழுதேன்.

பெரியவர் துணியை எடுத்தார். அப்பம் பிட்டு முதல் துண்டை என்னிடம் நீட்டினார். என் கையில் மாலின் பினாயில் வாசனை இன்னும் போகவில்லை. அந்தக் கையிலேயே வாங்கிக்கொண்டேன்.