அமெரிக்கச் சிறைக் கணக்கில் என் தம்பி

அமெரிக்க எல்லையில் அடைக்கலம் கேட்ட என் தம்பியைப் பிடித்துத் தடுப்பில் போட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை தொலைபேசியில் கேட்டான்: "அக்கா, நாட்டுக்குத் திரும்பிப் போறன் எண்டு கையெழுத்து வைக்கட்டோ, இல்லாட்டி வழக்கு முடியுமட்டும் இருக்கட்டோ? விசாரிச்சுச் சொல்லுங்கோ. வாற சனி எடுக்கிறன்."

நான் ஜெர்மனியில் ஹம் நகரில் முதியோர் இல்லத்தில் வேலை செய்பவள். யாரிடம் போய் விசாரிக்க? அவனுக்கு அங்கே வழக்கறிஞரும் இல்லை. ஜெர்மனியில் இருக்கிற அக்காவுக்கு எல்லாம் தெரியும் என்று அவனுக்கு ஒரு நினைப்பு. அதைக் கெடுக்க எனக்கும் மனமில்லை.

அமெரிக்க அரசாங்கத்தின் சிறைப் புள்ளிவிவரங்களை இணையத்தில் திறந்தேன். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல இருந்தது. தண்டனை பெற்றவர்களுக்கு ஓர் அட்டவணை, தீர்ப்புக்குக் காத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. கொலை, களவு, போதைப்பொருள் எல்லாம் இருந்தன, தம்பி இல்லை. களவெடுக்காதவனைக் கள்வர்களுக்குள் தேட வைத்துவிட்டார்களே என்று ஆத்திரமாக வந்தது. குடிவரவுத் தடுப்புக்குத் தனிக் கணக்கு என்று பிறகுதான் தெரிந்தது. ஒருவரைச் சராசரியாக எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று அதில் இருந்தது. நான் பயந்ததைவிடச் சின்ன எண். துள்ளிக் குதிக்காத குறை.

வங்கியில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி செய்கிற மகளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அம்மா, இது வெளியில போன ஆக்களின்ரை கணக்கு. உள்ளுக்கு இருக்கிற ஆக்கள் இதில இல்லை. பிளேனில ஏத்தித் திருப்பி அனுப்பின ஆக்களையும் சேர்த்துத்தான் எண்ணியிருக்கினம்" என்றாள்.

அப்படியென்றால் எண் சின்னதாக இருப்பது நல்லதா, கெட்டதா?

"அமெரிக்காவே எண்ணி முடிக்கேல்லை, நீ ஏன் குறுக்கை நிண்டு எண்ணுறாய்? அவனே முடிவெடுக்கட்டும்" என்றார் கணவர். அவருடைய தம்பியென்றால் இப்படிச் சொல்வாரா? ஆனாலும் அவர் சொன்னது சரியோ என்றும் இருந்தது. அந்தக் கிழமை முழுவதும் காலையில் ஒரு முடிவு, மாலையில் வேறொரு முடிவு.

சனிக்கிழமை அவன் எடுத்தபோது "இரு" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியாது.

"கணக்கெல்லாம் பாத்தனீங்களோ அக்கா?"

"ஓம், பாத்தனான்."

"அப்ப சரி. நீங்கள் பாத்துச் சொன்னால் பிழை வராது."

அவன் குரலில் அத்தனை நிம்மதி.

அது மாரிகாலம். இப்போது கோடையும் முடியப்போகிறது, அவன் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். ஒவ்வொரு சனியும் எடுக்கிறான். கையெழுத்து வைக்கட்டோ என்ற அந்தக் கேள்வியை மட்டும் திரும்பக் கேட்பதில்லை.